கறுப்போடு கறுப்பு: கணிப்பொறிக் கம்பிகளின் கதை

நீங்கள் முதன்முறையாக ஒரு மேசைக் கணிப்பொறியை உங்கள் கையாலேயே பூட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பல மாதச் சேமிப்பு பாகங்களாக மேசைமேல் பரந்து கிடக்கிறது. தாய்ப்பலகையைப் பெட்டிக்குள் வைத்துத் திருகாணிகளை முடுக்கியாயிற்று. நுண்செயலியும் நினைவகமும் தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டன. இனிமேல்தான் நெஞ்சு படபடக்கும் கட்டம். மின்வழங்கிப் பெட்டியிலிருந்து ஒரு கொத்துக் கம்பிகள் ஆலம் விழுதுகளைப் போலத் தொங்குகின்றன. முகப்புப் பலகையிலிருந்து நூல் போன்ற இன்னொரு கொத்து வருகிறது. எதை எங்கே செருகுவது? இடம் மாறிச் செருகிவிட்டால் என்ன ஆகும்? சுவிட்சைப் போட்டவுடன் புகை வருமா?

முதலிலேயே ஓர் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். இன்றைய இணைப்பிகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் தவறாகச் செருக நினைத்தாலும் அவை உள்ளே போகமாட்டா. அவற்றின் பிளாஸ்டிக் உடலே உங்களைத் தடுத்துவிடும். ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை. எந்தக் கம்பி எங்கே என்பதை மனிதர்கள் தம் மனத்தில் சுமந்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சுமை மனிதரின் நினைவிலிருந்து இணைப்பியின் வடிவத்துக்கு எப்படி இறங்கியது என்பதுதான் நம் கதை. ஒன்றிரண்டு இடங்களில் அது இன்னும் இறங்கவில்லை. அந்த இடங்களை நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பியே நிரலாக இருந்த காலம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில் உருவான எனியாக் என்ற கணிப்பொறி 1946 பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். எடை சுமார் 30 டன். இன்று நாம் நிரலைத் தட்டச்சு செய்து நினைவகத்தில் ஏற்றுகிறோம். எனியாக்கிற்கு அப்படி ஏற்ற வழியில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற வேண்டுமானால், அலமாரி அலமாரியாக நின்ற அதன் பகுதிகளுக்கிடையே கம்பிகளைப் பிடுங்கி வேறு துளைகளில் செருக வேண்டும். நூற்றுக்கணக்கான சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். கம்பிகளின் அமைப்பே நிரல்.

இந்த வேலையைச் செய்தவர்கள் ஆறு பெண்கள்: கேத்லீன் மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பைலஸ், ரூத் லிக்டர்மன். பொறியின் வரைபடங்களைப் படித்தே, எந்தக் கூட்டலுக்குப் பின் எந்தத் துடிப்பு எங்கே போக வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு புதிய கணக்குக்குப் பொறியை ஆயத்தம் செய்ய நாட்கணக்கில் ஆகும். கணக்கைப் போட்டு முடிக்கவோ நொடிகள் போதும்! புகைப்படங்களில் அவர்கள் நின்றார்கள். பெயர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குரிய மரியாதை 1990களில்தான் வந்து சேர்ந்தது.

எனியாக்கில் ஒரு கம்பி தவறினால் விடை தவறும். பிழையைத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் செருகினால் சரியாகிவிடும். 1948இல் எனியாக்கே கட்டளைகளைச் சேமித்து வைத்து இயங்கும் முறைக்கு மாற்றப்பட்டது. அதன்பின் வந்த கணிப்பொறிகளில் நிரல் கம்பியை விட்டு நினைவகத்துக்குக் குடிபெயர்ந்தது. கம்பிக்கு எஞ்சியவை இரண்டே வேலைகள்: மின்சாரத்தைக் கொண்டு செல்வது, செய்தியைக் கொண்டு செல்வது. இரண்டும் தினமும் ஒரே மாதிரி நடந்தாக வேண்டும். இங்கே ஒரு கம்பி இடம் மாறினால் விடை மட்டும் தவறாது, பொறியே போய்விடும்.

வீட்டுக்கு வந்த கணிப்பொறி

வெகுகாலம் இந்தக் கம்பிகளைத் தொட்டவர்கள் தேர்ந்த பொறியாளர்கள் மட்டுமே. 1975 ஜனவரியில் நிலைமை மாறியது. ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறியின் படம் வெளிவந்தது. பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஆர்வலர்கள் போட்டி போட்டுக்கொண்டு பணம் அனுப்பினார்கள்.

பெட்டியைத் திறந்தவர்களுக்குக் காத்திருந்தது ஈயப் பற்றாசும் பொறுமைச் சோதனையும். ஆல்டேரில் அட்டைகளைச் செருகுவதற்கு 100 ஊசிகள் கொண்ட வரிசை இணைப்பிகள் இருந்தன. அந்த அடிப்பலகை நான்கு நான்கு இடங்கள் கொண்ட துண்டுகளாக வந்தது. ஒரு துண்டோடு இன்னொரு துண்டைச் சேர்க்க வேண்டுமானால் இடையே 100 கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும்! 37ஆவது கம்பியில் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த 100 ஊசிகளில் 8 வோல்ட்டும் 16 வோல்ட்டும் அடுத்தடுத்த ஊசிகளில் வைக்கப்பட்டிருந்தன. ஒரு சிறு உலோகத் துணுக்கு இடையில் விழுந்தால் போதும். பின்னர் வந்த போட்டி நிறுவனங்கள், இம்சாய் போன்றவை, ஒரே நீண்ட அடிப்பலகையைக் கொடுத்து அந்த 100 கம்பிகளை ஒழித்துக்கட்டின. கம்பியைச் சரியாகச் செருகச் சொல்லித் தருவதைவிடக் கம்பியையே இல்லாமற் செய்வது மேல் என்ற பாடம் அப்போதே தொடங்கிவிட்டது.

ஏழு கம்பிகளின் முறுக்கு

1981 ஆகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் நெகிழ்வட்டு இயக்கிகளுக்குச் சென்ற தட்டையான ரிப்பன் கேபிளை நான் மிகவும் ரசிப்பதுண்டு. பழைய கணிப்பொறி எதையேனும் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நீங்களும் பாருங்கள். 34 கம்பிகள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கிடக்கும் அந்த நாடாவில், கடைசி இணைப்பிக்குச் சற்று முன்னால் 10 முதல் 16 வரையுள்ள ஏழு கம்பிகள் மட்டும் கிழிக்கப்பட்டு, ஒரு புரட்டுப் புரட்டி மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் நேர்ந்த பிழையோ என்றுதான் முதலில் தோன்றும்.

அது பிழையன்று. ஒரே கேபிளில் இரண்டு இயக்கிகள் தொங்கும்போது, கட்டளை யாருக்கு என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காக ஒவ்வோர் இயக்கியிலும் சிறு இணைப்புத் துண்டுகளை மாற்றி ‘நீ முதலாமவன்’, ‘நீ இரண்டாமவன்’ என்று அமைப்பது வழக்கம். ஐ.பி.எம். பொறியாளர்கள் எல்லா இயக்கிகளையும் ‘இரண்டாமவன்’ என்றே அமைத்துவிட்டார்கள். நேர்க்கம்பியில் செருகப்பட்ட இயக்கி இரண்டாமவனாகவே இருக்கும். முறுக்குக்கு அப்பால் உள்ள இயக்கிக்கோ 10ஆம் கம்பி 16இன் இடத்திலும், 12ஆம் கம்பி 14இன் இடத்திலும் வந்து சேருகின்றன. ஆகவே முதலாமவனுக்குரிய தேர்வுக் குறிப்பும் மோட்டார்க் குறிப்பும் அதன் வாசலுக்கே வந்துவிடுகின்றன. 11, 13, 15 ஆகியவை வெறும் தரைக் கம்பிகள் என்பதால் அவை இடம் மாறினாலும் கவலையில்லை. பூட்டுபவர் எந்த அமைப்பையும் தொட வேண்டாம்; எந்த இயக்கியை எந்த இணைப்பியில் செருகுகிறாரோ அதுவே அதன் பெயர். நினைவில் வைக்க வேண்டிய ஒன்று, கம்பியின் முறுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டது.

ஆனால் இதே நாடாவைத் தலைகீழாகச் செருகுவதை அக்காலத்தில் எதுவும் உறுதியாகத் தடுக்கவில்லை. ஓரக் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். சிவப்புக் கோடு இருக்கும் பக்கம் முதல் ஊசி. மறந்தால் இயக்கியின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அந்த விளக்கைக் கண்டவுடன் ‘கேபிளைத் திருப்பிப் போடு’ என்று சொல்லப் பழுதுநீக்குநருக்கு ஒரு கணம் போதும்.

கறுப்போடு கறுப்பு

விளக்கு எரிவதோடு போகாத பிழையும் ஒன்று இருந்தது. 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியிலும், அதைப் பார்த்துச் செய்யப்பட்ட எண்ணற்ற கணிப்பொறிகளிலும், மின்வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கு இரண்டு இணைப்பிகள் சென்றன. பி8, பி9 என்று அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றிலும் ஆறு கம்பிகள். இரண்டும் ஒரே வடிவம், ஒரே அளவு. பக்கத்தில் பக்கத்தில் செருக வேண்டும். பி8ஐ பி9இன் இடத்திலும், பி9ஐ பி8இன் இடத்திலும் செருகினால்? தாராளமாக உள்ளே போய்விடும்.

விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பி8இல் கடைசி இரண்டு கம்பிகள் கறுப்பு, அதாவது தரை. பி9இல் முதல் இரண்டும் கறுப்பு. கடைசி மூன்று சிவப்பு, அதாவது 5 வோல்ட். சரியாகச் செருகினால் நான்கு கறுப்புக் கம்பிகளும் நடுவில் சேர்ந்து நிற்கும். இடம் மாற்றினால், தாய்ப்பலகை தரையை எதிர்பார்க்கும் இடத்தில் 5 வோல்ட்டும், 5 வோல்ட்டை எதிர்பார்க்கும் இடத்தில் தரையும் வந்து நிற்கும். சில்லுகளுக்கு மின்னழுத்தம் தலைகீழ்! மின்வழங்கியின் காப்புச் சுற்று உடனே விழித்துக்கொண்டால் பிழைத்தது. இல்லையேல் தாய்ப்பலகை அத்தோடு சரி.

ஆகவே கணிப்பொறி பூட்டுவோர் உலகெங்கும் ஒரு மந்திரத்தை ஓதினார்கள்: கறுப்போடு கறுப்பு. 1990களில் சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டில் பூட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இன்றும் நினைவிருக்கும்.

மந்திரம் ஓர் இடத்தில் உதவும், இன்னோர் இடத்தில் கைவிடும். அதே பெட்டியின் முன்பக்கச் சுவிட்சுக்கு நான்கு தடித்த கம்பிகள் சென்றன: பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. இவை வீட்டு மின்சாரத்தையே நேராகச் சுமந்தவை. நம் நாட்டில் 230 வோல்ட். அங்கே கறுப்பு என்றால் தரை, இங்கே கறுப்பு என்றால் தொட்டால் உயிர் போகும் கம்பி! பழுப்பும் நீலமும் சுவரிலிருந்து வருபவை, கறுப்பும் வெள்ளையும் மின்வழங்கிக்குத் திரும்புபவை. இவற்றைச் சுவிட்சின் நான்கு காதுகளில் தவறாக மாட்டிவிட்டால், சுவிட்சைப் போட்டவுடன் வீட்டு மின்சாரமே குறுக்குச் சுற்றாகிவிடும். இப்படியோர் அமைப்பைப் பொழுதுபோக்காகப் பூட்டுபவர்களின் கையில் பத்தாண்டுகளுக்கு மேல் விட்டுவைத்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே சற்றே விலகி ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 1949இல் கலிபோர்னியாவில் ஒரு விமானப்படைத் தளத்தில், ராக்கெட் வண்டியில் மனிதரை ஏற்றி, திடீரென்று வண்டியை நிறுத்தி, உடல் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துவந்தார்கள். எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் கொண்டுவந்த அளவுக் கருவிகள் ஒரு சோதனையில் ஒன்றுமே காட்டவில்லை. அவற்றின் கம்பிகள் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தன என்று தெரியவந்தது. தவறாகச் செய்ய ஒரு வழி இருக்குமானால் யாரோ ஒருவர் அவ்வழியில் செய்தே தீருவார் என்ற பொருளில் மர்ஃபி அலுத்துக்கொண்டார் என்பார்கள். உலகெங்கும் ‘மர்ஃபி விதி’ என்று வேடிக்கையாகச் சொல்லப்படுவது கம்பி இணைப்பில் பிறந்த கதை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1960களில் ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலைகளோடு தொடர்புடைய ஷிகியோ ஷிங்கோ இதையே ஓர் உற்பத்தி முறையாக வளர்த்தார். தொழிலாளியைத் திட்டாதே, பிழை செய்ய முடியாதபடி பாகத்தை அமை என்பது அதன் சாரம். அதற்கு முதலில் வைத்த ஜப்பானியப் பெயர் ‘முட்டாள் காப்பு’ என்ற பொருளைத் தந்தது. அது தொழிலாளரைப் புண்படுத்தியதால் ‘பிழைக் காப்பு’ என்னும் பொருளில் ‘போக்கா-யோக்கே’ என்று மாற்றினார்.

வடிவமே காவல்

கணிப்பொறிக்கு அந்தப் பிழைக் காப்பு 1995இல் வந்தது. இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பை வெளியிட்டது. இரண்டு இணைப்பிகளுக்குப் பதில் 20 ஊசிகள் கொண்ட ஒரே இணைப்பி. அதன் துளைகளைக் கூர்ந்து பாருங்கள்: சில சதுரம், சிலவற்றுக்கு மூலைகள் மழுங்கியிருக்கும். சதுரக் கட்டை மழுங்கிய துளைக்குள் நுழையாது. ஆகவே ஒரு திசையில்தான் செருக முடியும். பின்னர் 24 ஊசிகளாக வளர்ந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. 230 வோல்ட் சுவிட்சும் போயிற்று. இப்போது முன்பக்கப் பொத்தான் தாய்ப்பலகைக்கு ஒரு சிறு குறிப்பை மட்டும் கொடுக்கிறது. மின்வழங்கியைத் தாய்ப்பலகையே எழுப்புகிறது. அப்படி எழுப்புவதற்காக, கணிப்பொறி ‘அணைந்திருக்கும்’ போதும் 5 வோல்ட் கம்பி ஒன்று உயிரோடு இருக்கும். பெட்டிக்குள் கை வைக்குமுன் சுவர்ச் செருகியைப் பிடுங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

செய்திக் கம்பிகளிலும் மாற்றம் வந்தது. அதற்குக் காரணம் வேறு. வன்தட்டுகளை இணைத்த 40 கம்பி நாடா 1980களின் பிற்பகுதியில் பரவியது. வேகம் கூடக் கூட, பக்கத்துக் கம்பியின் துடிப்பு இந்தக் கம்பியிலும் எதிரொலித்தது. ஒரே சுவருக்கு இருபுறம் குடியிருப்போர் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பது போல. நாடாவின் நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். அதுவும் போதாமல், 1990களின் இறுதியில் 80 கம்பி நாடா வந்தது. ஊசிகள் அதே 40தான். கூடுதலாக வந்த 40 கம்பிகளும் தரைக் கம்பிகள். ஒவ்வொரு செய்திக் கம்பிக்கும் இடையே காவல் நிற்பதே அவற்றின் வேலை. நொடிக்கு 133 மெகாபைட்டோடு இந்த வழி முட்டிக்கொண்டு நின்றது. பல கம்பிகளில் ஒரே நேரத்தில் புறப்பட்ட துடிப்புகள் ஒரே நேரத்தில் போய்ச் சேராததும் ஒரு தடை.

2003இல் வந்த சாட்டா முறை கம்பிகளைக் கூட்டவில்லை, குறைத்தது. மொத்தம் ஏழே தொடுமுனைகள். மூன்று தரை, மீதி நான்கும் இரண்டு இணைகள். ஓர் இணை அனுப்ப, ஓர் இணை பெற. இணையின் ஒரு கம்பியில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். பெறும் முனை ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுவதால் இரைச்சல் தானே அழிகிறது. தொடக்கத்திலேயே நொடிக்கு 150 மெகாபைட். நீளம் 1 மீட்டர் வரை. இணைப்பியின் வாய் ‘ட’ என்ற எழுத்தைப் போல் வளைந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் திசை தெரிந்துவிடும்.

பெட்டியின் பின்புறத்தில் வடிவம் உதவாத இடத்தில் நிறம் வந்தது. 1987இல் வந்த ஐ.பி.எம். பி.எஸ்.2 கணிப்பொறியில் விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஒரே மாதிரி உருண்டை இணைப்பிகள். பல்லாண்டுக் குழப்பத்திற்குப் பின் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்ட ‘பிசி 99’ வழிகாட்டியில் விசைப்பலகைக்கு ஊதா, சுட்டிக்குப் பச்சை என்று வகுத்தார்கள். ஒலிவாங்கிக்கு இளஞ்சிவப்பு என்ற வழக்கமும் அதே வழிகாட்டியில் உள்ளதுதான்.

இன்னும் மூன்று பள்ளங்கள்

இனி உங்கள் மேசைக்குத் திரும்புவோம். மூன்று இடங்களில் வடிவம் உங்களைக் காப்பாற்றாது.

நுண்செயலிக்குச் செல்லும் 8 ஊசி இணைப்பியும், வரைகலை அட்டைக்குச் செல்லும் 8 ஊசி இணைப்பியும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் ஒன்றில் 12 வோல்ட் இருக்கும் வரிசையில் மற்றதில் தரை இருக்கிறது. மழுங்கிய மூலைகள் வேறு வேறு என்பதால் எளிதில் நுழையாது. இருந்தும் பலங்கொண்டு அழுத்துபவர்கள் உண்டு. அழுத்தாதீர்கள். நுழையவில்லை என்றால் அது உங்களுக்கு ஏதோ சொல்கிறது. கம்பியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது இன்னும் வஞ்சகமானது. இப்போது கம்பிகளைக் கழற்றி மாட்டக்கூடிய மின்வழங்கிகள் கிடைக்கின்றன. சாதனத்தின் பக்கமுள்ள இணைப்பி உலகப் பொதுவானது. மின்வழங்கியின் பக்கமுள்ள முனைக்கோ பொதுவிதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் கம்பி இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் அழகாகப் பொருந்தும். ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு வகைகளுக்கிடையே கூட இது நேரலாம். பழைய பெட்டியின் கம்பிகள் மீதமிருக்கின்றனவே என்று புதியதில் மாட்டி வன்தட்டை இழந்தவர்கள் பலர். பெட்டியோடு வந்த கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, வரைகலை அட்டைகளுக்காக 2022இல் புழக்கத்துக்கு வந்த 16 ஊசி இணைப்பி. கட்டைவிரல் அளவுள்ள இதன் வழியே 600 வாட் வரை செல்லலாம். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட் எடுத்தாலும் 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்! இந்த 50 ஆம்பியரை ஆறு ஊசிகள் பகிர்ந்துகொள்கின்றன, ஊசிக்கு 8.3. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பெருக்கிய அளவு என்பது பள்ளியில் படித்ததுதான். ஓர் ஊசி சரியாகத் தொடாமல் அங்கே 10 மில்லி ஓம் தடை ஏற்பட்டால் கூட, 8.3இன் வர்க்கம் பெருக்கல் 0.01, அதாவது ஏறத்தாழ 0.7 வாட் வெப்பம் ஓர் ஊசிமுனையில். மற்ற ஊசிகளும் சரியாகத் தொடாவிட்டால் சுமை எஞ்சியவற்றின் தலையில் ஏறும். 2022இன் இறுதியில் சில இணைப்பிகள் உருகின. முழுவதும் செருகப்படாததே பல நேர்வுகளில் காரணம் என்று தெரிவித்தார்கள்.

இது வடிவத்தால் தடுக்க முடியாத புதுவகைப் பிழை. திசை சரி, இடம் சரி, ஆழம்தான் போதாது. அதையும் தடுக்க 2023இல் திருத்தம் செய்தார்கள். உணர்வு ஊசிகள் நான்கையும் சற்றுக் குட்டையாக்கிவிட்டார்கள். இணைப்பி முழுவதும் உள்ளே போனால்தான் அவை தொடும். தொட்டால்தான் அட்டை மின்சாரத்தை இழுக்கும். இருந்தும் 2025இல் மீண்டும் சில புகார்கள் எழுந்தன. ஆகவே ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை செருகிவிட்டு, இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். இணைப்பியை ஒட்டியே கம்பியை மடக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் எஞ்சி நிற்பவை முகப்புப் பலகையின் நூல் கம்பிகள். எழுத்து சிறிது, இடம் குறுகல். முதல்முறை பூட்டுபவர் அதிகம் வியர்ப்பது இங்கேதான். உண்மையில் அஞ்ச வேண்டியது மிகக் குறைவு. யூ.எஸ்.பி. கம்பிக்கும் ஒலிக் கம்பிக்கும் இணைப்பிகள் ஒரே மாதிரி பத்து இடங்கள் கொண்டவை. ஆனால் ஊசி இல்லாத வெற்றிடம் ஒன்றில் ஓர் ஓரத்திலும் மற்றதில் சற்று உள்ளேயும் இருக்கும். கம்பியின் அடைத்த துளையை அந்த வெற்றிடத்தோடு பொருத்துங்கள். இயக்கும் பொத்தானின் இரு கம்பிகளுக்குத் திசையே கிடையாது. எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். ஒளியுமிழ் விளக்குகளுக்கு மட்டும் திசை உண்டு. பொத்தானை அழுத்துங்கள். விசிறி சுழன்று விளக்கு மட்டும் எரியவில்லையானால், சுவர்ச் செருகியைப் பிடுங்கிவிட்டு அந்த இரண்டு கம்பிகளைத் திருப்பிச் செருகுங்கள்.